புயல் இல்லாத நாளில் ஏறிய கூண்டு

சென்னைக் காசிமேட்டில் ஏலம் முடிந்ததும், மீன் நிறைந்த அன்னக்கூடையை ஒருவர் கைகொடுத்துத் தூக்கிவிட, சும்மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டு நடக்கிறார்கள் பெண்கள். அவர்களின் கை ஒருநாள் தோளுக்கு மேல் எழ மறுத்தால், 'நேத்து வேலை அதிகம்' என்று சொல்லிவிட்டு மறுநாளும் வந்துவிடுவார்கள். உழைக்கிற உடம்புக்கு வலி புதிதில்லை. ஆனால் வலி வேறு, பலம் போவது வேறு. தலை வாரக் கை ஏறவில்லை, தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை, மாடிப்படியில் தொடை தாங்கவில்லை. இவை இரண்டு பக்கமும் ஒன்றுபோல, வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போனால் தசையழற்சியா என்று பார்த்தே ஆகவேண்டும். 2022 அக்டோபரில் நடிகை சமந்தா தமக்கு இந்நோய் இருப்பதாக அறிவித்தபோதுதான் 'மயோசைட்டிஸ்' என்ற பெயரையே நம்மில் பலர் கேள்விப்பட்டோம்.

நோயின் உள்ளே நடப்பதைத் துறைமுகத்து மக்களுக்குச் சொல்வது எளிது. கடலில் புயல் சின்னம் உருவானால் சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூரிலும் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். படகுகள் கரையில் நிற்கும், குப்பமே வேலையை நிறுத்தும். உடம்பிலும் அப்படி ஒரு கூண்டு உண்டு. வைரஸ் புகுந்த செல், பக்கத்துச் செல்களை உஷார்படுத்த ஒரு புரதத்தை வெளியே விடுகிறது. 1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ழான் லிண்டன்மான் இருவரும் இதைக் கண்டறிந்தார்கள். கோழிமுட்டைக் கருவின் சவ்வில் செயலிழக்கச் செய்த ஃப்ளூ வைரஸைச் சேர்த்தார்கள். பிறகு உயிருள்ள வைரஸால் அங்கே பெருக முடியவில்லை. குறுக்கே நின்ற அந்தப் புரதத்துக்கு இன்டர்ஃபெரான் என்று பெயரிட்டார்கள். இப்படிச் செல்லுக்குச் செல் சேதி கொண்டுபோகும் புரதங்களுக்குப் பொதுப்பெயர் சைட்டோகைன்.

தோலையும் தசையையும் சேர்த்துத் தாக்கும் டெர்மட்டோமயோசைட்டிஸில் புயலே இல்லாமல் கூண்டு ஏறிவிடுகிறது, இறங்குவதும் இல்லை. முதல் வகை இன்டர்ஃபெரானின் சேதி ஓயாமல் வந்துகொண்டே இருக்க, தசைநார்கள் வைரஸை எதிர்க்கும் புரதங்களை உருவாக்கியபடியே இருக்கின்றன. தசைக்கட்டுகளின் ஓரத்து நார்கள் குறிப்பாக மெலிகின்றன. நுண்ணிய ரத்தக் குழாய்களும் பழுதாகின்றன. புயல் அடிக்காமலேயே, கூண்டு இறங்காததால் மட்டுமே ஒரு குப்பம் பட்டினி கிடப்பதைப் போன்றது இது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இங்கேதான் வருகிறது. 1962இல் அதே லிண்டன்மான், மற்ற எலிகளைக் கொல்லும் அளவு ஃப்ளூ வைரஸைக் கொடுத்தும் பிழைத்துக்கொண்ட ஓர் எலி இனத்தைப் பற்றி எழுதினார். அந்த எதிர்ப்புக்குக் காரணமான மரபணு எம்எக்ஸ். மனிதரில் அதற்கு இணையான புரதம் எம்எக்ஸ்-ஏ. இன்டர்ஃபெரான் சொன்னால்தான் அது உருவாகும். இன்று தசைத் துண்டை எடுத்துச் சாயமேற்றிப் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவர், ஓரத்து நார்களில் எம்எக்ஸ்-ஏ தெரிந்தால் டெர்மட்டோமயோசைட்டிஸ் என்று பெரும்பாலும் உறுதி செய்துவிடுகிறார். எலியைக் காப்பாற்றிய புரதத்தின் இணை இங்கே நோயைக் காட்டிக்கொடுக்கிறது.

எல்லாத் தசையழற்சிக்கும் ஒரே கூண்டு இல்லை. பெரும்பாலும் 50 வயதுக்கு மேல் வரும் இன்க்ளூஷன் பாடி மயோசைட்டிஸில் காமா என்ற வேறு வகை இன்டர்ஃபெரானின் கை ஓங்குகிறது. வலை பின்னும் விரல்களின் பிடியும் முன்தொடையும் மெலியும். இதற்கு ஸ்டீராய்டு பலன் தருவதில்லை. மற்ற பல வகைகளில் முதல் மருந்தே ஸ்டீராய்டுதான். அதற்கும் அடங்காத டெர்மட்டோமயோசைட்டிஸில் டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரைகளைச் சில மருத்துவர்கள் தருகிறார்கள். கூண்டைப் பார்த்ததும் குப்பத்துக்குள் ஓடிச் சேதி சொல்லும் பையனைப் போலச் செல்லுக்குள் ஜேக் என்ற நொதி இருக்கிறது. மாத்திரை அவனை நிறுத்திவிடுகிறது. கூண்டு தொங்கினாலும் சேதி உள்ளே போகாது.

நம் பகுதிக்கென்று ஒரு கவலை எனக்கு உண்டு. விரல் கணுக்களில் தடிப்பு, கண்ணிமையில் ஊதாநிறம் என்று டெர்மட்டோமயோசைட்டிஸின் தோல் அடையாளங்களைப் பாடநூல்கள் சொல்கின்றன. கறுத்த தோலில் அந்தச் சிவப்பும் ஊதாவும் எளிதில் தெரியாது. வெறும் கருமையாகவே தெரியலாம். ஐஸும் உப்புத்தண்ணீரும் பட்டுக் காய்த்த கையில் அந்தத் தடிப்பை யார் தனியாகக் கவனிப்பார்கள்? ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போனால் வாதநோய்ப் பிரிவைக் கேளுங்கள். சிபிகே என்ற ரத்தப் பரிசோதனையின் அளவு சாதாரணமாக 200 சொச்சத்துக்குள் இருக்கும். தசை உடையும்போது ஆயிரக்கணக்கில் ஏறலாம். சிலருக்கு ஏறாமலும் இருக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது. நுரையீரலையும் பார்க்கச் சொல்லுங்கள். சில வகைகள் மூச்சைத்தான் முதலில் பிடிக்கும்.

'தசையில் அழற்சி, அசையாமல் படு' என்ற பழைய அறிவுரையும் மாறிவிட்டது. மருந்தோடு, பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அளவான பயிற்சியும் இப்போது சிகிச்சைதான். வேலை செய்யும் தசை தானே ரத்தத்தில் விடும் சேதிகளில் இன்டர்லூக்கின்-6 ஒன்று. அழற்சி நோய்களில் குற்றவாளியாகப் பேசப்படும் அதே புரதம், பயிற்சியின்போது தசையிலிருந்து வரும்போது அழற்சியைத் தணிக்கும் வேறு சேதிகளைக் கூட்டுகிறது.