வெப்பப் பம்பியும் அரசினர் ஊக்குவிப்பும்

எம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று இலண்டனிலும் ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் இல்லங்கொண்டு வாழ்கின்றனர். குளிர்நாட்டு வாழ்க்கையிற் குடும்பத்தை வருத்தும் பெருஞ்செலவுகளுள் ஒன்று, பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்குதற்கு ஆகுஞ் செலவு. அங்ஙனஞ் சூடாக்குதற்கு எண்ணெயும் வாயுவும் எரிப்பதை விடுத்து, வெப்பப் பம்பி என்னும் பொறியை நிறுவுவோர்க்கு மேனாட்டு அரசுகள் பல பணவுதவி அளித்து வந்துள்ளன. பொதுமக்களின் வரிப்பணத்தை எடுத்து ஒருவர் வீட்டுப் பொறிக்குக் கொடுப்பது தகுமா? தகுமெனின், எவ்வாறு கொடுத்தல் வேண்டும்? இவற்றையே ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் பொறியின் இயல்பை அறிதல் வேண்டும். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் முன்னாளில் துலா மிதித்து இறைத்தோர் நீரைப் படைத்தாரல்லர். ஆழத்திற் கிடந்த நீரை மேலே உயர்த்தினர். அவருழைப்பு உயர்த்துதற்கு மட்டுமே செலவாயிற்று. வெப்பப் பம்பியும் அத்தகையதே. குளிர்ந்த வெளிக்காற்றிலும் நிலத்திலும் வெப்பம் உண்டு. மிகத் தாழ்ந்த வெப்பநிலையிலே கொதிக்கும் ஒரு பாய்பொருள் அவ்வெப்பத்தை ஏற்று ஆவியாகின்றது. அவ்வாவியை மின்னால் இயங்கும் அமுக்கி நெருக்க, அதன் வெப்பநிலை உயர்கின்றது. பின் அது வீட்டினுள்ளே வெப்பத்தை விடுத்து மீண்டுந் திரவமாகின்றது. எங்கள் வீடுகளிலுள்ள குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் சுடுவதும் இம்முறையாலேயே. நன்கு நிறுவிய பொறியொன்று, தான் கொள்ளும் மின் ஓரலகிற்கு ஏறக்குறைய 3 அலகு வெப்பத்தை வீட்டிற்குத் தரும். இது புதுமையான கருத்தன்று. பின்னாளிற் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தொம்சன் 1852 ஆம் ஆண்டிலேயே இதனை விளக்கினார்; சூரிச் நகர மண்டபம் 1938 இல் ஆற்றுநீரினின்று வெப்பம் பெற்றது.

அங்ஙனமாயின் இது வீடுதோறும் விரைவிற் பரவாமைக்குக் காரணம் யாது? முதற்செலவே பெருந்தடை. பிரித்தானியாவில் வாயுக் கொதிகலனொன்றை மாற்றுதற்கு 3,000 பவுண் அளவில் ஆகுமெனின், வெப்பப் பம்பிக்குப் பெரும்பாலும் 10,000 பவுணுக்கு மேலாகும். பழைய கொதிகலன் பழுதாகி வீடு குளிர்ந்து கிடக்கும் நாளில், எக்குடும்பத்தலைவர் மும்மடங்கு செலவை ஏற்பார்? அந்நாட்டரசு 2014 இல் வகுத்த திட்டமொன்று, பொறியை நிறுவியபின் 7 ஆண்டுகளுக்குத் தவணை தவணையாகப் பணங் கொடுத்தது. கையிற் பணமில்லாதவர்க்குப் பின்வருந் தவணை எவ்வாறு உதவும்? பணமுள்ளவர்க்கே அது வசதியாயிற்று என்பது எம் கருத்து. 2022 இல் அத்திட்டம் முடிவுற, இங்கிலாந்திலும் வேல்சிலும் புதிய முறை வந்தது. பொறியை நிறுவுபவரே அரசினரிடம் உதவிக்கு விண்ணப்பித்து, அத்தொகையை வீட்டுக்காரரின் கணக்கிற் கழித்துவிடுவார். காற்றிலிருந்து வெப்பமெடுக்கும் பொறிக்கு முதலில் 5,000 பவுணாக இருந்த உதவி, 2023 ஒக்டோபரில் 7,500 பவுணாக உயர்ந்தது. உதவி தடையின் வாயிலிலேயே வந்து நிற்றலின், இரண்டாம் முறையே சிறந்தது.

ஆயினும் பணங் கொடுத்தல் மட்டும் போதாதென்பதற்குச் சுவீடின் நாட்டின் வரலாறு சிறந்த சான்று. 1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி, எண்ணெயையே நம்பியிருந்த அந்நாட்டை உலுக்கிற்று. அரசு வெப்பப் பம்பிகளை ஊக்குவித்தது. 1980 களின் தொடக்கத்தில் மக்கள் முண்டியடித்து வாங்கினர். அனுபவமில்லாதோரும் நிறுவுந் தொழிலிற் புகுந்தனர். பொறிகள் பல பழுதுபட்டன. அப்பத்தாண்டின் நடுவில் உதவியும் நின்று, 1986 இல் எண்ணெய் விலையும் வீழ, விற்பனை சரிந்தது. உற்பத்தியாளர் பலர் தொழிலைக் கைவிட்டனர். வெப்பப் பம்பி என்றாலே மக்கள் முகஞ்சுளிக்கும் நிலை வந்தது.

அந்நாட்டார் அதனோடு அமைந்துவிடவில்லை. 1993 இல் அரச நிறுவனமொன்று உற்பத்தியாளர்க்கிடையே ஒரு போட்டி வைத்தது. அன்றிருந்த பொறிகளிலும் 30 வீதம் திறன் மிகுந்ததாயும் 30 வீதம் விலை குறைந்ததாயும் ஒரு பொறியைச் செய்க. வாங்குவோரை நாம் திரட்டித் தருவோம் என்பதே அதன் சாரம். நடுநிலையான சோதனையும், நிறுவுவோர்க்குப் பயிற்சியும், மக்களுக்கு உண்மையான செய்தியும் உடன் சென்றன. 1991 இல் விதித்த கரிவரி எண்ணெயின் விலையை உயர்த்தியிருந்தது. 2006 இல் எண்ணெய்க் கொதிகலனை அகற்றுவோர்க்கு மீண்டும் உதவி வழங்கப்பட்டது. இன்று அந்நாட்டுத் தனிவீடுகளில் எண்ணெய் எரிப்பது ஏறக்குறைய மறைந்துவிட்டது. முதன்முறை கெட்ட பெயரை வாங்கித் தந்த அதே பொருள், இரண்டாம் முறை தரத்தோடு கூடியபோது வீடுதோறும் புகுந்தது.

நோர்வேயின் கதை சுருக்கமானது. 2002 ஆம் ஆண்டு மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்ற, அக்குளிர்காலத்தில் மின்விலை ஏறிற்று. 2003 இல் அரசு உதவியளித்தது. பொறி வைத்தவரின் செலவு குறைந்ததை அயலார் கண்டபின், உதவியில்லாமலே விற்பனை வளர்ந்தது. பனியுறைந்த அந்நாட்டிற் பொறி இயங்குமா என்று ஐயுறுவோர் இன்று அங்கு அரியர்.

வரி செலுத்தும் ஏழைகளின் பணம் சொந்த வீடுடையார்க்குச் செல்கின்றதே என்று சிலர் குறை கூறுவர். அது புறக்கணிக்கத்தக்க குறையன்று. வாடகைக்கு இருப்பவர் பொறியை நிறுவ உரிமையற்றவர். வீட்டுடையாரோ எரிபொருட் கணக்கைச் செலுத்தாதவர். ஜேர்மனி 2024 இல் வகுத்த திட்டத்தில், செலவில் 30 வீதம் பொதுவாகக் கொடுக்கப்பட, தான் வாழும் வீட்டிற் பொறி நிறுவுபவரின் குடும்ப வருமானம் 40,000 யூரோவிற்கு மேற்படாதாயின் மேலும் 30 வீதம் சேர்க்கப்பட்டது. உதவியை இவ்வாறு தேவைக்கேற்ப வகுத்தலே முறை. வாடகைக் குடியினரின் இடர் அதனாலும் தீரவில்லை.

இனி, பிரித்தானியாவிலுள்ள எம்மவர் கருத வேண்டியது ஒன்றுண்டு. அங்கு அண்மை ஆண்டுகளில் மின் ஓரலகின் விலை, வாயு ஓரலகின் விலையைப்போல ஏறக்குறைய 4 மடங்காக இருந்துவந்தது. பொறி 3 அலகு வெப்பந் தந்தாலும், வாயுவை விட்டு மாறுபவரின் மாதக் கணக்குக் குறையாது. சிறிது கூடவுங் கூடும். சாதாரண மின்னடுப்பாற் சூடாக்கியவர்க்கு ஊதியம் பெரிது. உதவித்தொகை முதற்செலவைக் குறைக்குமேயன்றி மாதச்செலவைக் குறைக்காது. ஆதலின் ஒப்பந்தத்திற் கையொப்பமிடுமுன், ஒவ்வோர் அறையும் எவ்வளவு வெப்பத்தை இழக்கின்றதென அளந்து கணக்கிட்டுக் காட்டுமாறு நிறுவுபவரைக் கேட்டல் வேண்டும். அளவாமலே விலை கூறுபவரை வாயிலிலிருந்தே அனுப்பிவிடுதல் நன்று.