கரடி வரும் ஊரில் யார் சொல் செல்லும்?

2022 ஏப்ரல் 30. கியூபெக் மாகாணத்தின் காஸ்பே தீபகற்பத்தில் மதலேன்-சாந்த்ர் என்றொரு கடலோரச் சிற்றூர். அங்கே ஒரு துருவக் கரடி சுற்றித் திரிவதைச் சிலர் பார்த்தார்கள். செயின்ட் லாரன்ஸ் நதிக்குத் தெற்கே துருவக் கரடியா என்று சிரித்தவர்கள், படம் வெளியானதும் வாயடைத்துப் போனார்கள். வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள் என்று காவல்துறை அறிவித்தது. மறுநாள் வனவிலங்கு அதிகாரிகள் அதைச் சுட்டுக் கொன்றார்கள்.

மொன்றியாலின் கோட்-டெ-நெய்ஜில், விக்டோரியா அவெனியூக் கடைகளில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் தமிழருக்கு அது ஒருநாள் பரபரப்பு. அதே மாகாணத்தின் வடகோடியான நுனாவிக்கில் கரடி வந்தால் அப்படி யாரும் பரபரப்பதில்லை. தெற்கிலிருந்து சாலையே போகாத நிலம் அது. கடற்கரையோரம் இனுயிட் பூர்வகுடிகளின் 14 ஊர்கள். அங்குள்ளவர்கள் கரடியோடு தலைமுறை தலைமுறையாகப் புழங்கியவர்கள். எந்த மாதத்தில் அது எந்தப் பக்கம் வரும், பசித்த கரடியின் நடை எப்படி இருக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். வன்னிக் காட்டுக்குத் தேன் எடுக்கப் போன பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், நம் கரடியைப் பற்றியும் இதே நுணுக்கத்தோடு பேசுவார்கள்.

துருவக் கரடிக்குக் கடற்பனிதான் வேட்டைக்களம். பனிப்பாளத்தில் சீல்கள் மூச்சுவிட வரும் துளையருகே காத்திருந்து பிடிக்கும். ஹட்சன் விரிகுடாவில் கோடையில் பனி உருகியதும் கரடிகள் கரையேறுகின்றன. நவம்பர், டிசம்பரில் கடல் மறுபடி உறையும்வரை பெரும்பாலும் பட்டினி, உடம்பில் சேர்த்த கொழுப்பில்தான் உயிர் ஓடும். புவி சூடாவதால் அந்தப் பட்டினிக் காலம் நீள்கிறது. விரிகுடாவின் மேற்குப் பகுதியில் 2016இல் 842 என்று மதிப்பிடப்பட்ட கரடிகள், 2021 கணக்கெடுப்பில் 618 ஆகக் குறைந்திருந்தன. பட்டினி கிடக்கும் கரடிக்கு ஊர்க் குப்பைமேடும், நாய்களுக்கு வைத்த இறைச்சியும், வேட்டைக்காரர் பதுக்கி வைத்த மாமிசமும் கிலோமீட்டர் தள்ளியே மணக்கும். ஊருக்குள் வரும் கரடி அநேகமாக மனிதரைத் தேடி வருவதில்லை, மூக்கு இழுத்த பக்கம் வருகிறது. அந்த மணத்தைக் கட்டுப்படுத்துவதில்தான் பாதி வேலை இருக்கிறது.

இந்த வேலையை நன்றாகச் செய்து காட்டிய ஊர், விரிகுடாவின் மேற்குக் கரையில் நுனாவுட் பிரதேசத்தில் இருக்கும் ஆர்வியட். 2010இல் உலக வனவிலங்கு நிதியத்தின் உதவியோடு அங்கே கரடிக் காவல் தொடங்கியது. காவலர்கள் உள்ளூர் இனுயிட்டுகள். கரடி நடமாடும் பருவத்தில் இரவெல்லாம் வண்டியில் சுற்றி, வெளிச்சமும் வெடிச்சத்தமும் காட்டி அதை ஊர் எல்லைக்கு அப்பால் ஓட்டிவிடுவார்கள். நாய்கள் கட்டும் இடத்துக்கு மின்வேலி, இறைச்சி வைக்க இரும்புப் பெட்டி. தற்காப்புக்காகச் சுட வேண்டிவந்த கரடிகளின் எண்ணிக்கை அதற்குமுன் ஆண்டுக்கு 8 என்ற அளவில் இருந்தது; காவல் வந்தபின் 1 ஆகக் குறைந்தது. 2014இல் இன்னொன்றும் செய்தார்கள். ஹாலோவீன் நாள் கரடிகள் திரியும் பருவத்திலேயே வருவதால், பிள்ளைகள் வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போவதை நிறுத்தி, கொண்டாட்டத்தைச் சமூகக் கூடத்துக்குள் மாற்றிவிட்டார்கள்.

மனிடோபாவின் சர்ச்சில் நகரில் ஒரு கரடிச் சிறையே உண்டு. அடங்காத கரடியைப் பிடித்து அடைத்து, தண்ணீர் மட்டும் கொடுப்பார்கள். ஊரில் சோறு கிடைக்கும் என்று அது பழகிவிடக் கூடாதல்லவா? பிறகு ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டுபோய் வடக்கே விடுகிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் உயிர் போகிறது. 2018 ஜூலையில் ஆர்வியட்டுக்கு அருகேயுள்ள தீவொன்றில், தன் பிள்ளைகளைக் காக்க முன்னால் நின்ற ஓர் இளம் தந்தையைக் கரடி கொன்றது. அடுத்த மாதமே நுனாவுட்டின் நௌயாட் ஊரைச் சேர்ந்த வேட்டைக்காரர் ஒருவர் பலியானார். கரடிகள் பெருகிவிட்டன, வேட்டை அளவைக் கூட்டுங்கள் என்ற குரல் ஓங்கியது. அறிவியலாளர்களின் கணக்கு வேறாக இருந்தது. இந்தப் பிணக்கை யார் தீர்ப்பது?

அதற்கான பதிலின் ஒரு முனை மொன்றியாலிலேயே இருக்கிறது. 1971இல் கியூபெக் முதல்வர் ரொபேர் பூராஸா, ஜேம்ஸ் விரிகுடா நதிகளில் பெரும் நீர்மின் திட்டத்தை அறிவித்தார். அங்குள்ள பூர்வகுடிகளான கிரீ மக்களிடமும் இனுயிட்டுகளிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் மொன்றியால் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். 1972 டிசம்பரில் தொடங்கிய விசாரணை மாதக்கணக்கில் நீண்டது. வேட்டையும் மீனும்தான் தங்கள் வாழ்க்கை என்று அந்த மக்கள் சாட்சிக்கூண்டில் ஏறிச் சொன்னார்கள். 1973 நவம்பர் 15 அன்று நீதிபதி ஆல்பர்ட் மலூஃப் திட்டத்துக்குத் தடை விதித்தார். ஒரே வாரத்தில் மேல்நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிவிட்டது. ஆனால் அரசு பேச்சுவார்த்தைக்கு வந்தாக வேண்டியிருந்தது. 1975 நவம்பர் 11 அன்று ஜேம்ஸ் விரிகுடா, வட கியூபெக் உடன்படிக்கை கையெழுத்தானது.

தற்செயல்தான், ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது: மலூஃப் தீர்ப்பு வந்த அதே நாளில், கனடா உள்ளிட்ட ஐந்து நாடுகள் ஓஸ்லோவில் துருவக் கரடிப் பாதுகாப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. பூர்வகுடிகள் மரபுவழி உரிமைப்படி கரடியை வேட்டையாட அதில் இடம் விட்டிருந்தார்கள். 1975 உடன்படிக்கையும் துருவக் கரடி வேட்டையைப் பூர்வகுடிகளுக்கே ஒதுக்கியது. வேட்டை விதிகளைப் பேச அரசும் அவர்களும் சேர்ந்து உட்காரும் குழுவையும் அமைத்தது. விலங்கைத் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு என்று நினைத்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இது உறுத்தலாம். அங்கே அளவோடு கொல்வதும் காப்பதில் சேர்த்தி. இறைச்சி ஊருக்குள் பங்காகும், தோல் வருமானமாகும். கரடி இருந்தால்தான் இரண்டும்.

கூட்டுக் குழு என்றால் சண்டை ஓய்ந்துவிடும் என்று பொருளில்லை. கடற்பகுதிக்காக 2008இல் நடைமுறைக்கு வந்த இன்னோர் உடன்படிக்கையின் கீழ் நுனாவிக் கடல்பகுதி வனவிலங்கு வாரியம் இயங்குகிறது. தெற்கு ஹட்சன் விரிகுடாவில் ஆண்டுக்கு 28 கரடி பிடிக்கலாம் என்று அது முடிவு செய்தபோது, 2016இல் மத்திய அமைச்சர் அதை 23 ஆக்கினார். நுனாவிக் இனுயிட்டுகளின் அமைப்பான மக்கிவிக் வழக்குத் தொடுத்தது. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் வாதத்தில் ஒரு பகுதியை ஏற்றது. ஐந்து கரடிக்கு இவ்வளவு வழக்கா என்று கேட்கலாம். அங்கே வழக்கு ஐந்து கரடியைப் பற்றி மட்டுமில்லை, யாருடைய அறிவு கணக்கில் சேரும் என்பதைப் பற்றியும்தான்.

இதே கேள்வியை நீலகிரிக்குக் கொண்டுபோனால் படம் மாறுகிறது. 2014 ஜனவரியில் தொட்டபெட்டா அருகே மூவரைக் கொன்ற புலியும், 2015 பிப்ரவரியில் பந்தலூர்ப் பக்கம் புகுந்த இன்னொரு புலியும் சுட்டுக் கொல்லப்பட்டன. 2021இல் கூடலூர், மசினகுடி வட்டாரத்தில் டி23 என்ற புலி நான்கு உயிர்களைப் பலிகொண்ட பிறகு, அக்டோபர் 1 அன்று வேட்டையாட உத்தரவு வந்தது. உடனே கொன்றுவிட வேண்டாம், பிடிக்கப் பாருங்கள் என்றது சென்னை உயர் நீதிமன்றம். கும்கி யானைகள், டிரோன்கள், மோப்ப நாய், தானியங்கிக் கேமராக்கள் எல்லாம் களமிறங்கின. அத்தனைக்கும் நடுவே, புதரையும் காலடியையும் படித்துப் புலி போன திசையைச் சொன்னவர்களில் முதுமலைப் பழங்குடி வேட்டைத் தடுப்புக் காவலர்கள் முன்வரிசை. மூன்று வாரத் தேடலுக்குப் பின் அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து, மைசூருக்கு அனுப்பினார்கள்.

தடம் பார்க்க அவர்கள் வேண்டும். முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, புலி மனித உயிருக்கு ஆபத்தானது என்று தீர்மானிப்பவர் மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர். 2006 வன உரிமைச் சட்டமோ, காட்டையும் வன உயிர்களையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் தருகிறது. இரண்டு சட்டமும் புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. புலி வரும் நாளில் முதல் சட்டம் மட்டும்தான் பேசுகிறது. நுனாவிக் வாரியத்தின் சண்டையைப் பார்த்துச் சிரிக்க நமக்குத் தகுதியில்லை. அங்கே சண்டைபோடவாவது ஒரு வாரியம் இருக்கிறது.

மொன்றியால் தமிழர் இதில் வெறும் வாசகரில்லை. 2018இல் அஹுன்த்சிக், செயின்ட் லாரன்ட் பகுதிகளில் ஓநாய் போன்ற கொயோட்டுகள் நடமாடியதால் நகராட்சி அவற்றுக்கென்றே திட்டம் வகுத்தது. முதல் விதி, உணவு வைக்காதீர்கள் என்பது. கோடையில் லோரன்ஷியன் மலைகளுக்குக் கூடாரமடிக்கப் போகும் குடும்பங்களுக்குக் கருங்கரடி அக்கம்பக்கம்தான். ஆர்வியட்டின் இரும்புப் பெட்டி சொல்வது அங்கேயும் பொருந்தும். மிஞ்சிய பிரியாணியையும் கோழிப் பொரியலையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். காருக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள், எலும்பைப் பூங்காவின் மூடிபோட்ட தொட்டியில் மட்டும் போடுங்கள்.