எக்செல் கற்க ஒரு நல்ல கணக்கு!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தப் புத்தகம் படிக்கலாம்? எந்த கோர்ஸில் சேரலாம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "கம்ப்யூட்டரை வைத்து என்ன வேலையை முடிக்க வேண்டும்?" பலரிடம் பதில் இருக்காது. மெனு மெனுவாக எக்செல் படித்துவிட்டு மூன்றே மாதத்தில் மறப்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

'பிராப்ளம் பேஸ்டு லேர்னிங்' என்று ஒரு முறை இருக்கிறது. பிரச்சினை முதலில் வரும். அதைத் தீர்க்கத் தேவையான பாடத்தை மாணவரே தேடிப் படிப்பார். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969-இல் மருத்துவப் படிப்பை இப்படித் தொடங்கியது. பிறகு அங்கேயே கெமிக்கல் இன்ஜினியரிங்கில் பேராசிரியர் டொனால்ட் வுட்ஸ் இதைக் கொண்டு வந்தார். டென்மார்க்கில் 1974-இல் தொடங்கிய ஆல்போர்க் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ப்ராஜெக்ட் செய்தே படிக்கிறார்கள்.

நான் படித்த கல்லூரியில் லேப் என்றால் சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவது. விடை முன்பே தெரியும். வேலைக்குச் சேர்ந்ததும் கிடைத்த முதல் வேலையோ, "ரிப்போர்ட் மெதுவாக வருகிறதாம், பாருங்கள்" என்ற ஒற்றை வரி. எவ்வளவு மெதுவாக? யாருக்கு? எப்போது? நான்கு வருடத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் எங்களிடம் கேட்டதில்லை.

நல்ல பிரச்சினையில் சில விவரங்கள் வேண்டுமென்றே விடுபட்டிருக்கும். மின் கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். '240 யூனிட், யூனிட்டுக்கு 5 ரூபாய், மொத்தம் எவ்வளவு?' என்றால் கால்குலேட்டர் போதும். 'ஏ.சி. வாங்கினால் நம் வீட்டு பில் எவ்வளவு கூடும்?' என்று கேட்டுப் பாருங்கள். பழைய பில்களைத் தேட வேண்டும். 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட் என்பது தெரிய வேண்டும். தினமும் எத்தனை மணி நேரம் ஓடும் என்று நீங்களே முடிவு செய்ய வேண்டும் (இதில் வீட்டில் சண்டை வந்தால் நான் பொறுப்பல்ல!). யூனிட் கூடக்கூட விலை மாறுவதால் வெறும் பெருக்கல் உதவாது. எக்செல்லின் 'இஃப்' ஃபார்முலாவைத் தேடிப் போவீர்கள். கேள்வியிலேயே 'இஃப் பயன்படுத்துக' என்று எழுதிவிட்டால் எல்லாம் போச்சு! எந்தப் பாடம் போய்ச் சேர வேண்டும் என்று ஆசிரியர் முதலில் தீர்மானித்து, அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போக முடியாதபடி கேள்வியை அமைக்க வேண்டும். சிரமமான வேலை இதுதான்.

அண்ணன் 4 மணி நேரம் என்பார், தம்பி 8 என்பார். காரணம் சொல்ல முடிந்தால் இருவர் விடையும் சரி. ஆனால் ஃபார்முலா சரியா என்று பார்க்க வழி உண்டு. பழைய பில்லின் யூனிட்டை ஷீட்டில் போடுங்கள். பில்லில் உள்ள தொகை வரவில்லையா? எந்த இடத்தில் பிசகியது என்று தேடுங்கள்.

இம்முறைக்கு எதிர்ப்பும் உண்டு. புதியவர்களை வழிகாட்டல் இல்லாமல் விட்டால் கற்றல் நடக்காது என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006-இல் ஒரு கட்டுரையில் கடுமையாக வாதிட்டார்கள். அதில் நியாயம் இருக்கிறது. மவுஸ் பிடிக்கவே பழகாதவரிடம் 'ஒரு கேம் எழுது' என்றால் ஓடிவிடுவார். எனவே செல், ஃபார்முலா, கூட்டல் ஆகியவற்றை மட்டும் தெரிந்தவரிடம் ஒருநாள் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு பில்களை எடுத்து வைத்து உட்காருங்கள். மறக்காமல் ஃபைலுக்கு ஒரு பெயர் கொடுத்து, முதலிலேயே சேவ் செய்துவிடுங்கள்.