மழைக்காலமும் மெத்தைத் துணிகளும்

நம் ஊர்களில் திண்ணையும் பாயும் ஊஞ்சலுமே இருக்கைகளாக விளங்கின. பாயை உதறிச் சுருட்டி வைத்தால் வேலை முடிந்தது. தேவ்நாரிலும் செம்பூரிலும் அடுக்குமாடி வீடுகளில் வாழும் நமக்கோ சோபாவே கூடத்தின் இருக்கை. ஊரிலிருந்து உறவினர் வந்துவிட்டால் இரவில் அதுவே படுக்கை. குழந்தைகள் முகம் புதைத்து உறங்கும் அத்துணியைப் பேணுவது அழகைக் கருதி மட்டுமன்று. உடல் நலத்தையும் கருதியே ஆகும்.

இப்பகுதியில் மெத்தைத் துணிக்குப் பகை இரண்டு. ஒன்று புழுதி. 1927ஆம் ஆண்டு முதல் நகரின் குப்பை கொட்டப்பட்ட களம் நம் அண்டையில் உள்ளது. 2016 ஜனவரி இறுதியில் அது தீப்பற்றியபோது பல நாள் புகை சூழ்ந்ததை நம்மிற் பலர் மறந்திருக்கமாட்டோம். மற்றொரு பகை ஈரம். மும்பையில் ஜூலை மாதத்தில் மட்டும் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சென்னையில் ஓராண்டு முழுதும் பெய்வதில் அது பாதிக்கும் மேலாகும்.

இவ்விரண்டில் கொடியது ஈரமே. அழுக்கைக் கண்டால் நீரை ஊற்றிக் கழுவுவது நம் வழக்கம். சோபாவுக்கு அது ஒவ்வாது. மேல்துணி உலர்ந்தாலும் உள்ளிருக்கும் நுரைமெத்தை நனைந்தே கிடக்கும். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராவிடின் பூஞ்சை முளைக்கத் தொடங்கும். கண்ணுக்குப் புலனாகாத தூசிப் பூச்சிகளும் ஈரக்காற்றில் பெருகும். இவை இரண்டும் இழுப்பு நோயை மிகுவிப்பன.

ஆதலின் முதல் விதி, உலர்ந்த நிலையில் தூசியை அகற்றுவதே. வாரம் ஒருமுறை தூசியுறிஞ்சும் இயந்திரத்தாலோ மென்மையான பிரஷ்ஷாலோ மடிப்புகளையும் இடுக்குகளையும் துடைக்க வேண்டும். வெல்வெட்டாயின் இழை சாய்ந்துள்ள திசையிலேயே துடைத்தல் நன்று.

இரண்டாவது, துணியின் இயல்பை அறிதல். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தையே தன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 8 பங்கு வரை ஏற்கும். பாலியெஸ்டர் ஒரு பங்குகூட ஏற்காது. விஸ்கோஸ் நனைந்தால் வலிமை குன்றும். சில சோபாக்களில் தைத்துள்ள சீட்டில் 'டபிள்யூ' என்றிருந்தால் நீர் கலந்த மருந்து ஏற்றது. 'எஸ்' என்றிருந்தால் நீரின்றி உலர்சலவை மருந்தே ஏற்றது. 'எக்ஸ்' என்றிருந்தால் தூசி அகற்றுவதோடு நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாவது, கறை. சாம்பாரோ காப்பியோ சிந்தினால் தேய்க்கலாகாது. வெண்துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். நீர் ஏற்ற துணியாயின், மென்சோப்பின் நுரையை மட்டும் தடவி, ஈரத்துணியால் ஒற்றி, மின்விசிறியின் கீழ் உலர்த்தலாம். எதனையும் முதலில் மறைவான மூலையில் சோதித்தல் வேண்டும். மஞ்சட்கறை சோப்புப் பட்டால் சிவந்து தோன்றும், அஞ்ச வேண்டியதில்லை. சோப்பை ஒற்றியெடுத்து வெயில் படவைத்தால் மஞ்சளின் நிறம் நாளடைவில் மங்கும். ஆனால் சாயத்துணியை நெடுநேரம் வெயிலில் விட்டால் துணியும் வெளிறும்.

மழைக்காலத்தில் சோபாவை வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைத்தால் பின்புறம் காற்றோடும். இயந்திரத்தால் கழுவித் தருவோரை அழைப்பதாயின், மழை ஓய்ந்தபின் தீபாவளியை ஒட்டி அழைப்பதே அறிவுடைமை. எத்தனை மணி நேரத்தில் உலரும் என்று அவர்களை முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவை அனைத்தினும் எளிய காப்பு ஒன்றுண்டு. படுக்கையாகப் பயன்படும் சோபாவின்மேல் பருத்தி விரிப்பொன்றைப் போர்த்தி, வாரந்தோறும் கொதிநீரில் நனைத்துத் துவைத்தல். 60 பாகை சென்டிகிரேடு வெப்ப நீரில் தூசிப் பூச்சிகள் மடியும். சோபாவின் மேலுறையைக் காட்டிலும் நம் பழைய வேட்டி இப்பணிக்குச் சிறந்தது. புதிதாக வாங்குவோர், கழற்றித் துவைக்கத்தக்க உறை உண்டா என்பதை விலை கேட்பதற்கு முன்பே கேட்பார்களாக!