தொலைந்துபோன மூன்றாவது எஸ்

"சித்தி, இஞ்ச பாருங்கோ, திரும்பவும் கத்துது!"

அக்காவின் மகள் மடிக்கணினியை என் பக்கம் திருப்புகிறாள். மே மாதம். ஒஸ்லோ மாணவர்கள் ஆய்வேட்டோடு தூக்கம் தொலைக்கும் காலம். அவளுடைய ஆய்வேடு நகரப் பேருந்துகளைப் பற்றியது. லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுதுகிறாள். பக்கங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வந்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் எச்சரிக்கைகள் கொட்டுகின்றன. பிள்ளைக்குப் பயம். எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. அச்சுக்கூடத்தின் பின்கட்டுக்குப் போகும் வழி அதுதானே!

வாருங்கள், நீங்களும் எங்களோடு எட்டிப் பாருங்கள்.

எச்சரிக்கைகள் பதிவாகும் லாக் கோப்பைத் திறந்து ஒன்றைப் பிடித்தோம்: "ஓவர்ஃபுல் ஹெச்பாக்ஸ், 7.3 பாயிண்ட் டூ வைட்." ஹெச்பாக்ஸ் என்றால் எழுத்துகளைக் கிடையாக அடுக்கிய பெட்டி. இங்கே அது பத்தியின் ஒரு வரி. அந்த வரி தன் அகலத்துக்குள் அடங்காமல் வலப்பக்கம் 7.3 பாயிண்ட் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஓர் அங்குலத்துக்கு 72.27 பாயிண்ட் என்பதால் துருத்தல் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர். அந்தப் பத்தி மூலக்கோப்பில் எந்த வரியில் தொடங்கி எதில் முடிகிறது என்ற எண்களும் அங்கேயே இருக்கின்றன.

"இவ்வளவு கெட்டிக்கார மெஷினுக்கு ஒரு வரியை மடிக்கத் தெரியாதோ சித்தி?"

நல்லாய்த் தெரியும் பிள்ளை! சாதாரணச் சொற்செயலி ஒரு வரி நிறைந்ததும் அடுத்ததுக்குத் தாவிவிடும், திரும்பிப் பார்க்காது. லேடெக்குக்குள் உழைக்கும் டெக் அப்படியல்ல. பத்தி முழுவதையும் வாசித்து முடித்த பிறகுதான் முதல் வரியை எங்கே உடைப்பது என்று தீர்மானிக்கும். டானல்ட் நூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981-இல் ஒரு கட்டுரையில் விளக்கிய வழி இது. சொல்லிடைவெளிக்கு அவர்கள் வைத்த பெயர் பசை. இழுத்தால் நீளும், நெருக்கினால் சுருங்கும். டெக்கின் வழக்கமான 10 பாயிண்ட் எழுத்தில் ஓர் இடைவெளி 3.33 பாயிண்ட். அதற்கு மேல் 1.66 பாயிண்ட் நீளலாம், அதிலிருந்து 1.11 பாயிண்ட் சுருங்கலாம். இந்த அளவில் எத்தனை பங்கு செலவாகியது என்று கணக்கிட்டு, அதன் மூன்றாம் அடுக்கை எடுத்து, நூறால் பெருக்கினால் அந்த வரியின் அவலட்சணத்துக்கு ஒரு மதிப்பெண் கிடைக்கும். முழு அளவும் நீண்டால் 100. பாதி நீண்டால் வெறும் 12. இரு மடங்கு நீண்டாலோ 800!

இந்த மதிப்பெண்ணைக் குறைவாக வைக்க, டெக் முதல் சுற்றில் சொற்களை உடைக்காமல் முயலும். சரிவராவிட்டால் இரண்டாம் சுற்றில் இணைப்புக்கோடு போட்டுப் பார்க்கும். அதிலும் வழி பிறக்காவிட்டால்? சுருக்கத்தின் எல்லையை மட்டும் அது தாண்டவே தாண்டாது. சொற்களை நெரித்து ஒட்டவைக்காது. வரியை அப்படியே நீட்டவிட்டு, மொழி தெரிந்த ஆளைக் கூப்பிடும். பிள்ளை பயந்த எச்சரிக்கை அந்தக் கூப்பாடுதான்.

எதற்காகக் கூப்பிட்டது? எச்சரிக்கைக்குக் கீழே துருத்திய வரியையே டெக் அச்சிட்டிருந்தது. அதன் கடைசியில் நின்றது "கொலெக்டிவ்திரான்ஸ்பொர்ட்செல்ஸ்காப்பெனெ". பொதுப் போக்குவரத்து நிறுவனங்கள் என்று பொருள். நோர்வேஜிய எழுத்தில் 28 எழுத்து, ஒரே சொல்! இந்த மொழியும் நம்முடையதைப் போலத் தொகைச்சொல் கட்டும் மொழி. அந்த அச்சிட்ட வரியில் இன்னோர் இரகசியம் உண்டு. டெக்குக்குத் தெரிந்த உடைப்பிடங்களில் எல்லாம் சிறு கோடு விழுந்திருக்கும். இந்தச் சொல்லின் மூட்டுகளில் கோடு இல்லை. ஏன்? ஆவணத்தின் மொழி நோர்வேஜியன் என்று அவள் சொல்லவே இல்லை. டெக் ஆங்கில விதியை வைத்துக்கொண்டு தடுமாறியிருக்கிறது.

இங்கே ஃபிராங்க் லியாங்கைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சொல்லை எங்கே உடைக்கலாம் என்பதைச் சிறுசிறு எழுத்துக் கோவைகளாகக் கணினிக்குக் கற்பித்தவர் அவர். 1983-இல் முடித்த ஆய்வேட்டில், 4,447 கோவைகளைக் கொண்டு ஓர் ஆங்கில அகராதியின் உடைப்பிடங்களில் 89 விழுக்காட்டைப் பிடித்துக் காட்டினார். நோர்வேஜியனுக்கும் அப்படிக் கோவைத் தொகுப்பு இருக்கிறது. மொழிகளைக் கவனிக்கும் பேபல் பொதியில் "நோர்ஷ்க்" என்று ஒரு சொல் சேர்த்தோம். பாதி எச்சரிக்கைகள் மாயமாய் மறைந்தன!

நாங்கள் உட்கார்ந்திருந்தது ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தின் ஊலெ-யுஹான் டால் இல்லத்தில். கிறிஸ்டன் நூகோருடன் சேர்ந்து சிமுலா என்ற நிரல்மொழியைப் படைத்தவர் டால். டெக்கைப் படைத்த நூத்தும் இந்த ஊரில் இருந்தவர்தான் என்றதும் பிள்ளையின் கண் விரிந்தது. 1972–73-இல் அவர் இதே பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியர். "சர்ரியல் நம்பர்ஸ்" என்ற சிறு நாவலை 1973 ஜனவரியில் ஒஸ்லோ விடுதி அறையில் ஒரே வாரத்தில் எழுதினார். தன் புத்தகத்தின் அச்சுப்படி அழகில்லை என்று மனம் நொந்து டெக்கைத் தொடங்கியது அதற்குப் பிறகு, 1977-இல்.

மிஞ்சிய எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாய் எடுத்தோம். டெக்குக்குத் தெரியாத பெயர்ச்சொல் ஒன்று. உடையக்கூடிய இடத்தில் பின்சாய்வும் சிறுகோடும் வைத்தோம். அடிக்கடி வரும் சொற்களைக் கோப்பின் முகப்பில் ஒரே பட்டியலாகக் கொடுத்தோம். மைக்ரோடைப் பொதியைச் சேர்த்ததும் இன்னும் சில அடங்கின. எழுத்துகளின் அகலத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவு கூட்டிக் குறைக்கும் அது. ஹான் தே தான் என்ற வியட்நாமியர் பிடிஎஃப்டெக் என்ற டெக் வடிவத்தில் ஆக்கிக்கொடுத்த நுட்பம்! பிறகு "எமர்ஜென்சி ஸ்ட்ரெட்ச்" என்ற கட்டளையால் கொஞ்சம் கூடுதல் நெகிழ்ச்சி கொடுத்தோம், டெக் மூன்றாம் சுற்றும் முயன்றது. ஓரிடத்தில் வாக்கியத்தையே மாற்றி எழுதினாள். அதுவும் நேர்மையான வைத்தியம்தான்.

"ஸ்லொப்பி எண்டு ஒரு கட்டளை போட்டால் எல்லாம் போயிடுமாமே?" என்றாள். ஓவர்ஃபுல் போகும், உண்மை. ஆனால் அதை ஆவணம் முழுவதற்கும் போட்டால் வரிகள் தொளதொளத்து, சொற்களுக்கு நடுவே வெள்ளை ஆறு ஓடும். அண்டர்ஃபுல் என்ற வேறு எச்சரிக்கை வந்து நிற்கும். நோயை இடம் மாற்றுவது குணமாக்குவது ஆகாது.

"தமிழுக்கும் இது வேலை செய்யுமோ?" செய்யும்! சந்தோஷ் தோட்டிங்ஙல் தமிழுக்கும் கோவைகள் எழுதியிருக்கிறார். தமிழ் அச்சில் சொல்லைக் கோடு போடாமலே மடிப்பது நெடுநாள் பழக்கம். ஆனால் புள்ளி வைத்த மெய் வரியின் தலையில் வரக்கூடாது. பேருந்து என்பதைப் "பேருந்" என்று நிறுத்தி அடுத்த வரியில் "து" வைக்கலாம். "பேரு" என்று நிறுத்தி "ந்து" வைத்தால் கண் உறுத்தும்.

கடைசியாக ஒரு வரி மிஞ்சியது. சொல்: "புஸ்ஸ்தொப்". புஸ் என்றால் பேருந்து, ஸ்தொப் என்றால் நிறுத்தம். நோர்வேஜிய எழுத்தில் முதற்சொல்லின் இறுதியில் இரண்டு எஸ், அடுத்ததன் தொடக்கத்தில் ஓர் எஸ். சேரும்போது மூன்றில் ஒன்று மறைகிறது. மரம், வேர் சேர்ந்து மரவேர் ஆகும்போது மகரம் விழுகிறதே, நம் இலக்கணத்தின் கெடுதல் விகாரம், அதேதான்! ஆனால் நோர்வேஜியனில் சொல் வரிக்கடைசியில் பிரிந்தால் மறைந்த எழுத்து திரும்பி வரவேண்டும். இரட்டை எஸ்ஸுக்கு முன்னால் ஒரு மேற்கோள் குறி இட்டால் பேபல் அதைப் புரிந்துகொள்ளும்.

குறியை அவளே இட்டாள். ஓட்டினாள். லாக் கோப்பில் ஓர் எச்சரிக்கையும் இல்லை. வரியின் கடைசியில் இரண்டு எஸ், ஒரு சிறு கோடு. அடுத்த வரியின் தலையில், தொலைந்துபோன மூன்றாவது எஸ்.

"வந்திட்டுது சித்தி!" என்று கத்தினாள். இந்த முறை கத்தியது அவள்தான்.