ரிக்கார்டா, சிடியா... எதில் பாட்டு நல்லா கேட்கும்? மைக் செட் ஊர்களில் இன்னும் ஓயாத விவாதம்

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்றால் ஒருகாலத்தில் முதலில் வந்து இறங்குவது மைக் செட்தான். பனை மரத்தில் குழாயைக் கட்டி ரிக்கார்டைச் சுழலவிட்டால் நாலு ஊருக்குக் கேட்கும். மயிலம், மேல்மலையனூர் திருவிழாக்களுக்குப் போய் அந்தச் சத்தத்தில் வளர்ந்தவர்கள் இன்றும் விடாமல் சொல்லும் ஒரு விஷயம் உண்டு: ரிக்கார்டில் கேட்ட மாதிரி சிடியில் இல்லையாம்.

இது வெறும் பழைய நினைப்பா, இல்லை நிஜமாகவே காதுக்கு வித்தியாசம் இருக்கிறதா? பரணில் கிடக்கும் ரிக்கார்டுகளைக் காயலான் கடைக்குப் போடலாமா என்று யோசிப்பவர்களுக்கும், புது ரிக்கார்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்யும் இளைஞர்களுக்கும் இதற்கு விடை தெரிந்தாக வேண்டும்.

தட்டுக்குள் பாட்டு எப்படி இருக்கிறது?

ரிக்கார்டில் பாட்டு ஒரு நெளிநெளியான பள்ளமாகப் பதிந்திருக்கும். முள் அதில் ஓடும்போது அந்த நெளிவுக்கு ஏற்ப ஆடும். அந்த ஆட்டம்தான் மின்சாரமாக மாறி ஸ்பீக்கருக்குப் போகிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் எல்.பி. தட்டு 1948-ல் அமெரிக்காவில் வந்தது. அதற்கு முன்பு இருந்தது அரக்கு கலந்த 78 சுற்றுத் தட்டு, கீழே விழுந்தால் உடைந்துவிடும்.

1982-ல் விற்பனைக்கு வந்த சிடியில் பள்ளத்தில் ஓடும் முள் கிடையாது. ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து, அந்த அளவுகளை எண்களாகப் பதிகிறார்கள். அதை லேசர் படிக்கிறது. எதுவும் உரசாததால் நூறு தடவை போட்டாலும் தேய்மானம் கிடையாது.

சிடியில் பாட்டு துண்டு துண்டாக இருக்குமா?

ரிக்கார்டு ரசிகர்கள் அதிகம் சொல்லும் குற்றச்சாட்டு இதுதான். ரிக்கார்டில் ஒலி முழுசாக இருக்கிறது, சிடியில் படிக்கட்டு மாதிரி வெட்டி வைத்திருக்கிறார்கள் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் சரியில்லை.

நொடிக்கு 44,100 அளவு எடுத்தால், அதில் பாதி, அதாவது சுமார் 22,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை முழுசாகத் திரும்பக் கொண்டுவர முடியும். மனிதக் காதுக்கு எட்டுவது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ்தான், வயசானால் அதுவும் குறையும். பிளேயரிலிருந்து வெளியே வரும்போது அலை வழவழப்பாகத்தான் வருகிறது. மிகச் சன்னமான ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் உள்ள இடைவெளி சிடியில் 96 டெசிபல், நல்ல ரிக்கார்டில் 60 முதல் 70 வரைதான். கணக்குப்படி ஜெயிப்பது சிடி.

2022-ல் ஒரு வேடிக்கை நடந்தது. டிஜிட்டலே கலக்காத ரிக்கார்டு என்று ரசிகர்கள் நம்பி வாங்கிய அமெரிக்காவின் மொபைல் ஃபிடிலிட்டி தட்டுகளில் பலவற்றுக்கு நடுவில் டிஜிட்டல் பிரதி பயன்பட்டது அம்பலமானது. பல வருஷமாகக் கேட்டுப் பாராட்டிய தேர்ந்த காதுகளுக்குக்கூட அது தெரியவில்லை. அதே ஆண்டில்தான் 1987-க்குப் பிறகு முதல் முறையாக அமெரிக்காவில் சிடியைவிட ரிக்கார்டு அதிக எண்ணிக்கையில் விற்றது.

அப்போ பெரியவங்க சொல்றது பொய்யா?

பொய் இல்லை. அவர்கள் காதில் விழுந்த வித்தியாசம் நிஜம், காரணம்தான் வேறு.

முதல் காரணம், ஒரே பாட்டு இரண்டிலும் ஒரே மாதிரி பதிவாவதில்லை. ரிக்கார்டில் அடி ஒலி அதிகமானால் பள்ளம் அகலமாகி முள் துள்ளும். அதனால் அதற்குள் அடங்கும்படி பாட்டைப் பக்குவப்படுத்துவார்கள். சிடியில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அது வசதிதான், ஆனால் 90-களில் இருந்து பாட்டு எடுத்ததுமே சத்தமாக இருக்க வேண்டும் என்று எல்லா ஒலியையும் ஒரே உயரத்துக்கு ஏற்றத் தொடங்கினார்கள். மெல்லிய இடம், ஓங்கும் இடம் என்ற வித்தியாசமே போனது. பழைய பாட்டுகளின் சிடிக்கு வேறொரு கஷ்டம். மூல டேப் கிடைக்காதபோது தேய்ந்த தட்டிலிருந்தே எடுத்து, கரகரப்பை நீக்குகிறேன் என்று வயலினின் மினுமினுப்பையும் சேர்த்துத் துடைத்துவிடுவதுண்டு.

அடுத்தது குழாய். கூம்புக் குழாய் அடி ஒலியை ஏறக்குறைய விட்டுவிடும், உச்ச ஒலியையும் குறைக்கும். நடுவில் இருக்கும் குரலை மட்டும் கணீரென்று தூக்கிக் கொடுக்கும். 50, 60-களின் பாட்டுகளில் குரல்தானே முன்னால் நிற்கும்? அதனால்தான் டி.எம்.எஸ். குரல் வயல் தாண்டியும் கேட்டது. முன்னெழுத்திலேயே விழுப்புரத்தை வைத்திருந்த வி.சி.கணேசன், அதாவது சிவாஜி பேசிய கட்டபொம்மன் வசனத் தட்டுகள் எடுபட்டதற்கும் இதே காரணம்தான். அதே குழாயில் சிடியைப் போட்டால், சிடியின் கூடுதல் அடி ஒலியும் உச்ச ஒலியும் வெளியே வரவே வராது. பாக்ஸ் ஸ்பீக்கர் வந்தபோது நிலைமை தலைகீழானது: அடி ஒலி நெஞ்சில் இடிக்க, குரல் பின்னால் போனது. மாறியது ஸ்பீக்கர், பழி விழுந்தது சிடி மேல்.

பரணில் பழைய ரிக்கார்டு இருக்கா?

எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு தடவை போட்டுக் கேளுங்கள். சில பாட்டுகளின் அன்றைய மோனோ பதிவு, எதிரொலியும் புது வாத்தியமும் சேர்க்காத வடிவம், அந்தத் தட்டில் மட்டும் இருக்கலாம்.

78 தட்டுக்கும் எல்.பி.க்கும் ஒரே முள் கிடையாது. 78-ன் பள்ளம் எல்.பி. பள்ளத்தைப் போல மூன்று மடங்கு அகலம், மெல்லிய முள்ளைப் போட்டால் கரகரப்புதான் கேட்கும். அந்த 78 தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். எல்.பி.யைப் போட்டதும் ஒலி மெலிசாக, தகர டப்பா மாதிரி வருகிறதா? தட்டைக் குறை சொல்லாதீர்கள். பதியும்போது அடி ஒலியைக் குறைத்துத்தான் பதிவார்கள், அதைத் திரும்பக் கூட்டும் போனோ இணைப்பு ஆம்ப்ளிஃபயரில் இல்லாமல் இருக்கும்.

மைக் செட்டில் உழைத்த தட்டுகள் கனமான முள்ளால் ஏற்கனவே தேய்ந்திருக்கும், திரும்பத் திரும்பப் போடாமல் முதலிலேயே கம்ப்யூட்டரில் பதிவு செய்து வைப்பது நல்லது. அப்படிப் பதிய சிடி தரமே தாராளம். பிறகு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிற்கவைத்து வைக்கலாம், அக்னி நட்சத்திர வெயிலில் கொதிக்கும் தகரக் கொட்டகையில் மட்டும் வேண்டாம்.