பந்தயத்துக்கு முன்பே பணம்: பூல் வீரர்களின் கட்டணத்தைக் கட்டுவது யார்?

டோம்பிவிலி: மாலை நேர லோக்கல் ரயிலில் டோம்பிவிலியில் இறங்கும் கூட்டத்தில், அலுவலகப் பைகளுக்கும் சாப்பாட்டு டப்பாக்களுக்கும் இடையே எப்போதாவது நீண்டு மெலிந்த பெட்டி ஒன்று தென்படும். புல்லாங்குழல் என்று நினைத்து வழிவிடுபவர்களும் உண்டு. உள்ளே இருப்பது இரண்டாகக் கழற்றி வைக்கப்பட்ட கியூ. பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர், பூல் ஆகிய மூன்று மேசை ஆட்டங்களிலும் பந்தைத் தள்ளப் பயன்படும் கோல் அது.

சத்ரபதி சிவாஜி முனையத்திலிருந்து ஏறத்தாழ 48 கிலோமீட்டர் தொலைவில் உள்ள டோம்பிவிலி, அலுவலகம் செல்வோரின் ஊர். மாதுங்காவிலும் செம்பூரிலும் வாடகை கட்டுப்படியாகாமல் போனபோது இங்கு வந்து சொந்த வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவர்களின் தந்தையர் காலத்தில் பில்லியர்ட்ஸ் என்பது ஜிம்கானாக்களின் உள்ளறையில், உறுப்பினர்கள் மட்டுமே ஆடிய ஆட்டம். ஸ்னூக்கர் மேசைக்கு 12 அடி நீளமும் 6 அடி அகலமும் வேண்டும். சுற்றிலும் கோல் வீச இடமும் வேண்டும். பூல் மேசைக்கு 9 அடி நீளம் போதும். கடைக்கு வாங்கிய அறையிலேயே இரண்டு மேசைகளைப் போட்டுவிடலாம். மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்தால் யாரும் ஆடலாம். இப்படித்தான் மேல்தட்டு ஆட்டம் ரயில் நிலையச் சாலைக்கு இறங்கி வந்தது.

ஆனால் பெரிய போட்டிகளின் வாசல் இறங்கி வரவில்லை. அங்கு முதலில் கேட்கப்படுவது திறமை அல்ல, நுழைவுக் கட்டணம்.

ஆயிரம் பவுண்டு வாசல்: உலகத் தொழில்முறை ஸ்னூக்கர் வரிசையில் இடம்பெற 'கியூ ஸ்கூல்' என்ற தகுதிச் சுற்று 2011இல் தொடங்கப்பட்டது. அப்போது கட்டணம் 1,000 பவுண்டு. அன்றைய மாற்று மதிப்பில் 70 ஆயிரம் ரூபாய்க்கும் மேல். தொடர்ந்து வெல்பவருக்கு இரண்டு ஆண்டுகள் தொழில்முறைப் போட்டிகளில் ஆடும் உரிமை கிடைக்கும். தோற்றவருக்குக் கட்டணம் திரும்புவதில்லை. விமானச் செலவு, தங்கும் செலவு தனி.

உரிமை கிடைத்த பிறகுதான் உண்மையான செலவு தொடங்குகிறது. தொழில்முறை வீரர்கள் பலர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள். முதல் சுற்றிலேயே தோற்பவருக்கு நெடுங்காலம் ஒரு காசும் கிடைத்ததில்லை. இந்தக் குறையை உணர்ந்த சர்வதேச அமைப்பு, 2022-23 பருவத்தில் ஒவ்வொரு வீரருக்கும் 20 ஆயிரம் பவுண்டு உறுதி என்று அறிவித்தது. அதுவும் கொடை அல்ல, முன்பணம்தான். வெல்லும் பரிசில் கழித்துக்கொள்ளப்படும்.

மும்பை இதை நேரில் கண்ட நகரம். 2013இல் புதுதில்லியில் நடந்த இந்திய ஓபன் போட்டியில், தரவரிசைப் போட்டி ஒன்றின் இறுதி ஆட்டத்தை எட்டிய முதல் இந்தியர் என்ற பெருமையை மும்பையின் ஆதித்ய மேத்தா பெற்றார். சீனாவின் டிங் ஜுன்ஹுய்யிடம் 5-0 என்று தோற்றார். அதே மும்பையின் இஷ்பிரீத் சிங் சட்டா 2023இல் தொழில்முறை வரிசையில் சேர்ந்தார். பெங்களூரின் பங்கஜ் அத்வானியோ, இரண்டு பருவங்கள் ஆடிய பின் 2014இல் அந்த உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாடு திரும்பினார். ஆட்டம் போதாததால் அல்ல. உலகப் பட்டங்களை அவர் அதன் பிறகும் குவித்தார்.

சம்பளமே கொடை: இதுவரை இந்த ஆட்டத்தை இந்தியாவில் தாங்கியது பரிசுப் பணம் அல்ல, மாதச் சம்பளம். எந்த விளையாட்டிலும் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் மும்பையின் வில்சன் ஜோன்ஸ். 1958இல் கொல்கத்தாவிலும், 1964இல் நியூசிலாந்திலும் அவர் வென்றவை உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டங்கள். அமெச்சூர் என்றால் பணத்துக்காக ஆடாதவர். அதே நகரின் மைக்கேல் ஃபெரேரா மூன்று முறை உலகப் பட்டம் வென்றார். 1981இல் பத்மஸ்ரீ விருதை வேண்டாம் என்று மறுத்து, கிரிக்கெட் வீரருக்குத் தந்த பத்மபூஷணைத் தமக்கும் தர வேண்டும் என்று வாதாடி, 1983இல் பெற்றார். மதிப்புக்கு வாதாட முடிந்தது. பரிசுப் பணத்துக்கு வாதாட அன்று பரிசுப் பணமே இல்லை.

பின்னர் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் வந்தன. பெட்ரோலிய விளையாட்டு மேம்பாட்டு வாரியம் தேசியப் போட்டிகளில் ஒரு மாநிலம் போலவே தனி அணி இறக்குகிறது. பங்கஜ் அத்வானி ஓ.என்.ஜி.சி. ஊழியர். மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலிலும் பில்லியர்ட்ஸும் ஸ்னூக்கரும் இடம்பெற்றுள்ளன, கேரமும் உண்டு. பெங்களூரில் கர்நாடக அரசுத் துறையொன்றில் தட்டச்சராகப் பணியாற்றிய உமாதேவி நாகராஜ், ஊழியர் மன்றத்தில் தற்செயலாகக் கோல் பிடித்தவர். 2012இல் மகளிர் உலக பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றார். நிறுவனம் கட்டணம் கட்டும், பரிசில் பங்கு கேட்காது. ஒரே நிபந்தனை, முதலில் வேலை கிடைத்தாக வேண்டும். அதற்குத் தேசிய அளவில் ஆடியிருக்க வேண்டும். அந்த இடைப்பட்ட நான்கைந்து ஆண்டுகளுக்குத்தான் யாரும் பொறுப்பேற்பதில்லை.

தில்லியின் கதவும் முன்போல் திறந்திருக்கவில்லை. 1998 பாங்காக் முதல் 2010 குவாங்சூ வரை ஆசிய விளையாட்டில் இந்த ஆட்டங்கள் இருந்தன. இந்தியா தங்கமும் வென்றது. அடுத்து 2014 இஞ்சியான் போட்டியில் அவை நீக்கப்பட்டன. ஒலிம்பிக்கில் என்றுமே இருந்ததில்லை. எனவே 2014இல் மத்திய அரசு தொடங்கிய ஒலிம்பிக் பதக்க இலக்குத் திட்டத்தில் இவர்களுக்கு இடமில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒலிம்பிக் வீரர்களுக்குத் தனியார் நிதி திரட்டும் ஒலிம்பிக் கோல்ட் குவெஸ்ட் அமைப்பை 2001இல் பிரகாஷ் படுகோனுடன் சேர்ந்து தொடங்கியவர் பில்லியர்ட்ஸ் உலகச் சாம்பியன் கீத் சேத்தி. குத்துச்சண்டைக்கும் துப்பாக்கி சுடுதலுக்கும் அவர் வழி செய்தார். அவருடைய சொந்த ஆட்டம் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது.

சிறிய தொகை, உரிய நேரம்: எவ்வளவு சிறிய தொகை எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு, மேசை ஆட்டத்தின் எளிய உறவான கேரமில் அண்மை உதாரணம் இருக்கிறது. சென்னையில் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக்குச் செல்லத் தமிழக அரசு ரூ. 1.5 லட்சம் வழங்கியது. அவர் மூன்று தங்கத்துடன் திரும்பினார். பிறகு அரசு அளித்த ஊக்கத்தொகை ரூ. 1 கோடி. செய்தித்தாள்களில் பெரிய எழுத்தில் வந்தது கோடிதான். ஆனால் அந்த ஒன்றரை லட்சம் உரிய நேரத்தில் வராதிருந்தால் கோடிக்கு வேலையே இல்லை. வென்றவருக்கு மாலை போடப் பலர் வருவார்கள். புறப்படும் முன் சீட்டு எடுத்துத் தருபவர்தான் அரிது. சென்னையின் அனுபமா ராமச்சந்திரன் 2025 நவம்பரில் தோஹாவில் உலக மகளிர் ஸ்னூக்கர் பட்டம் வென்ற பின், மகளைக் கோல் பிடிக்க அனுப்பும் வீடுகளிலும் இந்தக் கணக்கு ஓடத் தொடங்கியிருக்கும்.

பங்குக்குப் பணம்: வேலையும் இல்லை, அரசு உதவியும் இல்லை என்றால் மூன்றாவது வழி, பங்குக்குப் பணம் போடும் ஆள். அமெரிக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் பூல் ஆட்டம் இந்த ஆட்களால்தான் நடக்கிறது. கட்டணம், விமானம், அறை எல்லாம் அவர் செலவு. வென்றால் செலவு போக மீதியில் பாதியோ அதற்கு மேலோ அவருக்கு. தோற்றால் நஷ்டம் அவருடையது. சில ஏற்பாடுகளில் மட்டும் அந்த நஷ்டம் அடுத்த பரிசின் மேல் கடனாக ஏறும். வீரர் சிக்குவது இங்கேதான்.

மணிலாவில் உறவினரின் பூல் கூடத்தில் மேசை மேலேயே படுத்துறங்கி வளர்ந்த எஃப்ரன் ரேயஸ், 1985இல் வேற்றுப் பெயரில் அமெரிக்கா சென்று பணப் பந்தயங்களில் வென்று புகழ் பெற்றவர். 2006இல் அவருக்கு வயது 52. அந்த ஆண்டு செப்டம்பரில் ரெனோ நகரில் நடந்த உலக ஓபன் எட்டுப் பந்துப் போட்டியில் ரோட்னி மோரிஸை 8-6 என்று வீழ்த்தினார். முதல் பரிசு 5 லட்சம் டாலர். பூல் வரலாற்றில் அதற்கு முன் அப்படி ஒரு தொகை அறிவிக்கப்பட்டதில்லை. மொத்தப் பரிசு 30 லட்சம் டாலர்.

போட்டியை நடத்தியவர் கெவின் ட்ரூடோ. தொலைக்காட்சியில் நள்ளிரவு விளம்பரங்கள் வழியாகப் புத்தகம் விற்றுப் பணம் சேர்த்தவர். 2005இல் சர்வதேச பூல் சுற்று என்ற அமைப்பைத் தொடங்கி, கோல்ஃப் வீரர்களைப் போல பூல் வீரர்களையும் லட்சாதிபதிகள் ஆக்கப்போவதாக அறிவித்தார். 2006 ஜூலையில் லாஸ் வேகாஸில் நடந்த போட்டியில் ஜெர்மனியின் தோர்ஸ்டன் ஹோமன் மூன்றரை லட்சம் டாலர் வென்றார். நம்பிக்கை பெருகியது. அழைப்புப் பட்டியலில் இடம் இல்லாதவர்கள் தகுதிச் சுற்றுகளுக்குப் பணம் கட்டி வந்தார்கள். பலருக்கு அந்தப் பணம் வேறொருவருடையது.

ரெனோவில் கடைசிப் பந்து விழுந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. பரிசு கொடுக்கக் கையில் பணம் இல்லை. அமைப்பை வாங்கிக்கொள்வதாகச் சொன்ன வெளிநாட்டு நிறுவனத்துடன் பேரம் முறிந்துவிட்டது என்று விளக்கம் வந்தது. வென்ற தொகை தவணை தவணையாகச் சிறுகச் சிறுக வந்து சேர்ந்தது. அதற்குள் பணம் போட்டவர்கள் வாசலில் நின்றார்கள். வீரர் வென்றிருக்கிறார், காகிதத்தில் பணக்காரர், ஆனால் கடன்காரர். அந்தச் சுற்று அதன் பிறகு தலைதூக்கவில்லை. ட்ரூடோ வேறொரு வழக்கில், எடை குறைப்புப் புத்தக விளம்பரம் தொடர்பாக நீதிமன்ற உத்தரவை மீறியதற்காக, 2014இல் 10 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

மல்லர் வழக்கு: மும்பையில் இத்தகைய பங்கு ஏற்பாட்டுக்குள் இறங்குபவர் சட்டத்தையும் பார்க்க வேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 30ஆவது பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. அதில் வென்ற பணத்தைக் கேட்டு வழக்குத் தொடர முடியாது. பழைய பம்பாய் மாகாணத்தில் 1865ஆம் ஆண்டுச் சட்டம் ஒருபடி மேலே போய், பந்தயத்துக்குத் துணையாகச் செய்யப்படும் ஒப்பந்தங்களையும் செல்லாதவையாக்கியது. மற்ற மாநிலங்களில் பந்தயத்துக்குக் கொடுத்த கடனை மீட்க வழி இருக்கலாம். இங்கே அதுவும் அடைபட்டது.

அப்படியானால் வீரருக்குக் கட்டணம் கட்டுவதும் பந்தயமா? இதற்கு வெளிச்சம் தருவது 1930களின் தொடக்கத்தில் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்த்த மல்யுத்த வழக்கு. புணேயில் இரண்டு மல்லர்கள் மோதுவதாக ஒப்புக்கொண்டார்கள். களத்துக்கு வராதவர் மற்றவருக்கு ரூ. 500 தர வேண்டும். வெல்பவருக்கு நுழைவுச்சீட்டு வசூலிலிருந்து ரூ. 1,125. ஒருவர் வரவில்லை. வந்தவர் ரூ. 500 கேட்டு வழக்குப் போட்டார். இது பந்தயம், செல்லாது என்பது எதிர்வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பரிசு மல்லர்களின் மடியிலிருந்து வரவில்லை, பொதுமக்கள் கொடுத்த சீட்டுப் பணத்திலிருந்து வருகிறது; முடிவு எதுவானாலும் தோற்றவர் கையிலிருந்து எதுவும் போவதில்லை; எனவே அது பந்தயம் அல்ல என்றது.

இந்த அளவுகோலை பூல் மேசையில் வைத்தால் இரண்டு வகை தெளிவாகப் பிரியும். இரண்டு பேரும், அல்லது அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்களும், ஆளுக்கொரு தொகையை மேசையில் வைத்து, வென்றவருக்கு எல்லாம் என்று ஆடினால் அது பந்தயம். ஏமாந்தவருக்கு நீதிமன்றம் உதவாது. அமைப்பாளர் அறிவித்த பரிசுக்காக நடக்கும் போட்டிக்கு ஒருவர் கட்டணம் கட்டி, பரிசு கிடைத்தால் இன்ன பங்கு என்று எழுதிக்கொள்வது வேறு வகை. அது நடக்கலாம் நடக்காமலும் போகலாம் என்ற நிகழ்வைச் சார்ந்த ஒப்பந்தமாக நிற்க இடமுண்டு. திறமையை முதன்மையாகக் கொண்ட போட்டி சூதாட்டம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1957இல், பம்பாய் அரசு தொடர்ந்த வழக்கிலேயே, சொல்லியிருக்கிறது.

எழுத்தில் இருந்தால்தான் இந்த வேறுபாடு பயன்படும். பூல் கூடத்தில் வாய்ப்பேச்சாக முடியும் ஏற்பாடுகள், வீரர் தோற்றதும் ஒரு கதையாகவும் வென்றதும் வேறு கதையாகவும் ஆகிவிடும். கட்டணம் கொடையா, கடனா, பங்குக்கு முதலா என்பதை முதல் வரியிலேயே எழுத வேண்டும். தோல்வியின் நஷ்டம் அடுத்த போட்டிக்கு ஏறுமா, பரிசு தவணையில் வந்தால் பங்கும் தவணையில்தானா என்பவை அடுத்து. அமைப்பாளர் பரிசுத் தொகையை முன்கூட்டியே தனிக் கணக்கில் போட்டுவிட்டாரா என்று கேட்டுக் கடிதம் வாங்குவதும் அவசியம். ரெனோவுக்குப் போனவர்கள் கேட்காமல் விட்ட கேள்வி அது.

டோம்பிவிலியில் இந்தப் பணம் பெரும்பாலும் வெளியாளிடமிருந்து வருவதில்லை. தந்தையின் வருங்கால வைப்பு நிதிக் கடன், 'பதபேடி' என்று இங்கு அழைக்கப்படும் கூட்டுறவுக் கடன் சங்கம், தாயின் வளையல், அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து போடும் சீட்டு ஆகியவைதான் வழி. பங்கு கேட்காத முதலாளிகள் இவர்கள். கடன் சங்கத்தின் தவணை மட்டும், பையன் முதல் சுற்றில் தோற்றாலும் இறுதிக்குப் போனாலும், அடுத்த மாதத்திலிருந்து தொடங்கிவிடும்.